நடுப்பலகை

சுந்தரபாண்டியம்,
நவம்பர், ஞாயிறு மதியம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை பிரியா வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம். ஜகார்த்தாவில் உங்கள் சுகத்துக்கு எழுதுங்கள்.

நேற்று போனில், "ஏட்டி, பலகை எப்பிடி இருக்கு? எல்லாரும் நல்லா உக்காந்து வாராகளா?" என்று கேட்டீர்கள். "நல்லாருக்குண்ணே" என்று சொன்னேன். சொல்லாமல் விட்டது இது. மில்லுக்கு ஆள் ஏற்றிப் போகும் நம் வேனின் நடுவழியில் அந்தப் பலகையைப் போட்டதிலிருந்து உள்ளே ஒருவர் எழுந்து நடக்க வழியில்லை. ஏறி இறங்க இருக்கும் ஒரே வழியான பின்கதவின் தாழ்ப்பாள் போய்விட்டதால் அப்பா அதை வெளியிலிருந்து கயிற்றால் கட்டுகிறார். அந்தக் கதவில் முதுகை வைத்துக்கொண்டு மில்லுக்கு வருவது அண்ணி. அண்ணிக்கு முன்னால் நான். நாங்கள் இறங்க வேண்டுமென்றால் அப்பா இறங்கிச் சுற்றி வந்து கயிற்றை அவிழ்க்க வேண்டும். அப்பாவால் இறங்க முடிந்தால்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போன் வந்ததும் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அம்மா, அண்ணி, சில நாள் பக்கத்து வீட்டுக்காரர்கள்கூடச் சுற்றி நிற்கிறார்கள். அண்ணியும் நீங்களும் பேசுவதே அப்படித்தான்: சாப்பிட்டாச்சா, மழையா, வைக்கட்டுமா. அதனால் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்புகிறேன். படித்தவுடன் படங்களை அழித்துவிடுங்கள். நான் எழுதினேன் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

நீங்கள் டாக்காவில் இருந்தபோது அனுப்பிய வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. காஜிப்பூர் மில்லில் ஸ்பின்னிங் மெஷின் பூட்டும் வேலை முடிந்து, வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு நகரத்துக்குள் போயிருந்தீர்கள். லெகுனா என்று ஒரு வண்டியைக் காட்டினீர்கள். சின்ன லோடு வண்டியின் பின்னால் கூண்டு கட்டி, எதிரெதிரே இரண்டு பெஞ்சு போட்டு, ஆட்கள் முட்டியோடு முட்டி இடித்துக்கொண்டு போகிறார்கள். வீடியோவில் உங்கள் குரல் மட்டும் கேட்கிறது. "எம்புட்டுச் சின்ன வண்டி, எம்புட்டுப் பேரு பாருங்கப்பா! நம்ம வேன்ல நடுவுல எடம் சும்மாதான கெடக்கு? ஒரு பலகையப் போட்டா நாலு பேரு வரலாம்."

அப்பா அதை மில் சூப்பர்வைசரிடம் போட்டுக் காட்டினார். அடுத்த வாரமே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆசாரியைப் பிடித்து, டிரைவர் சீட்டின் பின்னாலிருந்து பின்கதவு வரை நீளமாகப் பலகை போட்டாயிற்று. மேலே பச்சை ரெக்சின். வேன் உங்கள் சம்பாத்தியத்தில் வாங்கியது. அதனால் டாக்காவிலிருந்து நீங்கள் சொன்ன சொல்லுக்கு இங்கே மறுசொல் இல்லை.

பலகையால் நன்மை இல்லாமல் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். அய்யம்மாளக்காவும் இன்னும் மூன்று பேரும் அதனால்தான் வேனில் வருகிறார்கள். அதற்கு முன் அவர்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறி ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் மில் கேட்டைச் சாத்திவிடுவார்கள். பலகையில் முதல்நாள் உட்கார்ந்தபோது அய்யம்மாளக்கா அதைத் தட்டிப் பார்த்து, "என் கல்யாணத்துலகூட இம்புட்டு மெத்துன்னு ஒண்ணுல உக்காரல" என்றது. வேனே சிரித்தது. அக்காவின் மகள் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிக்குப் போகிறாள் இல்லையா? கல்லூரிப் பஸ் எங்களைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அக்கா அதன் ஜன்னலைக் காட்டும். "பாருங்கட்டி, ஆளுக்கொரு சீட்டு. எம்மவ சாஞ்சு தூங்கிட்டுப் போறா."

அண்ணி ஏன் பின்கதவில் உட்காருகிறார்கள் என்று கேட்பீர்கள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. வண்டிக்கார வீட்டுப் பெண்கள் ஜன்னலோரச் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, வாடகை கொடுப்பவர்களைப் பலகையில் உட்காரவைப்பது எப்படி என்று அண்ணி முதல்நாளே பின்னால் போய்விட்டார்கள். நம் வீட்டு விசேஷத்தில் நாம் கடைசிப் பந்தியில் உட்காருவது போலத்தான். வேனில் கடைசிப் பந்தி பின்கதவு. அண்ணி அங்கே உட்கார்ந்த பிறகு நான் வேறு எங்கே உட்கார முடியும்? பேண்டேஜ் துணிக் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்கு மட்டும் தனிச் சீட்டா?

சென்ற வியாழக்கிழமை நல்ல மழை. ராஜபாளையம் நெருங்கும்போது உள்ளே வயர் கருகும் வாடை வந்தது. யாரோ "தீ" என்று கத்திவிட்டார்கள். பலகையில் இருப்பவர்கள் எழுந்தால்தான் சீட்டில் இருப்பவர்கள் வெளியே வர முடியும். பலகையில் இருப்பவர்களுக்கோ பின்கதவு திறந்தால்தான் வழி. அப்பா ஓடிவந்தார். கயிறு நனைந்து முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவர் நகத்தால் பிறாண்டும் சத்தம் என் காதுக்குப் பக்கத்தில், தகரத்துக்கு அந்தப்புறம் கேட்டது. கடைசியில் ரோட்டோர டீக்கடைக்காரர் கத்தி கொண்டுவந்து அறுத்தார். தீ ஒன்றும் இல்லை, வெறும் வயர்தான். அண்ணி இறங்கிச் சேலையை உதறிக்கொண்டு, "மூட்டைய அவுத்த மாதிரி அவுத்துட்டாக" என்று சிரித்தார்கள். எல்லாரும் சிரித்தோம். மறுநாள் அப்பா புதுக் கயிறு வாங்கினார்.

அன்றிலிருந்து நீங்கள் அனுப்பிய வீடியோக்களை எல்லாம் மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். நூலகத்தில் எடுத்த பயணப் புத்தகங்களையும் வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஒப்பிட்டுப் பார்க்கிறேன். டோக்கியோவில் வெள்ளைக் கையுறை போட்டவர்கள் ஆட்களை ரயிலுக்குள் தள்ளிக் கதவைச் சாத்த உதவுகிறார்கள். கதவு முழுதாகச் சாத்தினால்தான் ரயில் நகரும். மும்பையில் கதவே சாத்தாமல் ஆட்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள், விழுகிறார்கள். மணிலாவில் ஜீப்னி என்ற வண்டியில் பின்பக்கம் திறந்தே இருக்கிறது. கடைசியில் இருப்பவர் காசைக் கைமாற்றி டிரைவர் வரை அனுப்புகிறார். நீங்கள் பாங்காக்கில் விமானம் மாறிய அன்று கால்வாய்ப் படகை எடுத்து அனுப்பினீர்களே, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். டிக்கெட் கொடுப்பவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு படகின் வெளிவிளிம்பில் நடக்கிறார். ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயைத் தூக்கிப் பிடிக்கிறார்கள், உள்ளே இருப்பவர்கள் மேல் சாக்கடைத் தண்ணீர் தெறிக்காமல். ஓரத்தில் இடம் கிடைத்தவருக்கு அது வேலை போலிருக்கிறது. யாரும் சொல்லாமலே செய்கிறார்கள்.

லெகுனா வீடியோவைப் பலமுறை பார்த்த பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அதற்குப் பின்கதவே கிடையாது. ஆபத்து என்றால் குதித்துவிடலாம். இப்போது நீங்கள் இருக்கும் ஜகார்த்தாவில் அங்கோட் வேனில் வாசலருகே ஒரு குட்டிப் பெஞ்சு போட்டிருப்பதாகக் காட்டினீர்கள். அதன் பக்கக்கதவும் எந்நேரமும் திறந்தே கிடக்கிறது. அண்ணே, நாம் அந்த ஊர்களிலிருந்து பெஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். திறந்த கதவை அங்கேயே விட்டுவிட்டோம்.

பலகையை எடுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னால் அப்பா, "பொஸ்தகத்துல படிச்சியாக்கும்?" என்பார். அண்ணி சொல்ல மாட்டார்கள். நீங்கள் சொன்னால் மறுநாளே எடுத்துவிடுவார்.

அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மழையால் கண்மாய் நிறைந்துவிட்டது. மில்லுக்கு மோட்டார்சைக்கிள் டாக்சியில் போவதாகச் சொன்னீர்கள். அவர்கள் கொடுக்கும் ஹெல்மெட்டின் பட்டை பிய்ந்திருக்கும், பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை,
பிரியா


சுந்தரபாண்டியம்,
டிசம்பர், மார்கழி பிறந்த மறுவாரம்.

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். நலமே வேண்டுகிறேன்.

நீங்கள் போனில் சொன்ன மறுநாளே அப்பா பலகையைக் கழற்றிவிட்டார். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "விஜயபாண்டி சொல்லிட்டான், எடுத்துருவோம்" என்றதோடு சரி. பலகை இப்போது கொல்லையில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அண்ணிக்கும் எனக்கும் சீட்டு ஏது என்று நினைப்பீர்கள். ஜன்னலோரச் சீட்டுகளை வாடகை கொடுப்பவர்களுக்கே விட்டுவிட்டு, டிரைவர் பக்கத்து இடத்தில் நாங்கள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக்கொண்டு வருகிறோம். அப்பா கியர் போடும்போதெல்லாம் அண்ணி முட்டியைத் தூக்க வேண்டும். ஆனாலும் பக்கத்தில் கதவு இருக்கிறது, உள்ளிருந்தே திறக்கலாம். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நன்றி.

இனி எழுதப்போவதை நீங்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

பலகை போனதால் அய்யம்மாளக்காவுக்கும் மற்ற மூன்று பேருக்கும் வேனில் இடமில்லை. அப்பா அன்று காலையில் வேனைவிட்டு இறங்காமல் ஜன்னல் வழியே சொன்னார். "கொஞ்ச நாளைக்குப் பஸ்ஸுல வாங்கம்மா, பொறவு பாப்போம்." அய்யம்மாளக்கா தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பதில் சொன்னது. "பஸ்ஸு மில்லுக்கு வாரதுக்குள்ள நூல் நூத்து துணியே நெய்ஞ்சு முடிச்சிருவாக. உங்க மவன் வெளிநாட்டுல ஏரோப்ளேன்ல போறாரு, எங்களுக்கும் ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி பிரியா, பலகைய எடுக்கச் சொன்ன புண்ணியவாட்டி யாருட்டி? ஒனக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று கேட்டது. சிரித்துக்கொண்டேதான் கேட்டது. நான் கையிலிருந்த புத்தகப் பையைச் சரிசெய்தேன். அப்பா கிளம்பிவிட்டார்.

சில நாள் பஸ்ஸில் வந்து பார்த்தார்கள். கேட் சாத்தியிருந்தது. நேரம் தப்பினால் அன்றைய ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இப்போது உக்கிரபாண்டி மாமாவின் குட்டியானை லோடு வண்டியில் வருகிறார்கள். அவர் வத்திராயிருப்பிலிருந்து ராஜபாளையத்துக்குத் தினமும் தேங்காய் ஏற்றிப் போகிறவர். தேங்காய்க் குவியலின் மேல் சாக்கை விரித்து நான்கு பேரும் உட்கார்ந்துகொள்கிறார்கள். பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது, தார்ப்பாய் கட்டும் கயிறுதான். முதல்நாள் எங்களை முந்திப் போனபோது அய்யம்மாளக்கா மேலேயிருந்து கையை ஆட்டிக் கத்தியது. "பாத்துக்கிடுங்கட்டி, நாங்க மாடி பஸ்ஸுல போறோம்!" அண்ணி சிரிக்கவில்லை. பனியில் அந்த வண்டியின் பின்விளக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டாக்காவில் பண்டிகைக்கு ஊருக்குப் போகிறவர்கள் ரயில் கூரையில் ஏறி உட்கார்ந்திருப்பதை நீங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அதே ஊரில் இப்போது மேம்பாலத்தில் மெட்ரோ ரயில் ஓடுகிறது, கண்ணாடி போலச் சுத்தமாக இருக்கிறது என்று நீங்களே வியந்தீர்கள். ஜகார்த்தாவிலும் மேலே ரயில், கீழே மோட்டார்சைக்கிள் நெரிசல். ஒரே ஊரில் இரண்டு ஊர் பயணம் செய்கிறது. இங்கேயும் கல்லூரிப் பஸ் போகும் அதே ரோட்டில்தான் தேங்காய் வண்டி போகிறது. அய்யம்மாளக்கா வீட்டிலேயே அந்த இரண்டு ஊரும் இருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன். ஜகார்த்தாவில் ஒரு காலத்தில் சைக்கிள் ரிக்‌ஷாக்கள் நகரத்துக்கு ஆகாது என்று ஆயிரக்கணக்கில் பிடித்துப் போய்க் கடலில் கொட்டினார்களாம். ரிக்‌ஷா ஓட்டியவர்கள் என்ன ஆனார்கள் என்று கொஞ்சம் எழுதியிருக்கிறது. அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தவர்கள் மறுநாள் எதில் போனார்கள் என்று அந்தப் புத்தகத்தில் இல்லை. நான் உங்களிடம் பலகையை எடுக்கச் சொன்னபோது அந்தக் கேள்வி எனக்கும் வரவில்லை.

அதனால் ஒரு யோசனை. அப்பா முதலில் ஒரு நடை போய் இவர்களை இறக்கிவிட்டு வந்து, மறுபடி நம் ஆட்களை ஏற்றிப் போகலாம். கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு நடை அடிச்சா நான் எப்பட்டி தூங்க? ஸ்டீயரிங்லயா?" என்றார். அவர் சொல்வதும் சரி. ராத்திரி ஷிப்ட் ஆட்களையும் அவர்தான் கூட்டி வருகிறார். ஆனால் மினிபஸ் ஓட்டிக்கொண்டிருந்த பிரேம்குமார் இப்போது வேலையில்லாமல் இருக்கிறார். நல்ல நிதானமான ஆள், குடி கிடையாது. காலை நடைக்கு மட்டும் அவரைப் போட்டால் நான்கு பேரும் வேனிலேயே வந்துவிடலாம். செலவு ஆகும். நான் என் சம்பளத்திலிருந்து தருகிறேன் என்று சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வரும். நீங்கள் தருவதாகச் சொல்லி என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் அப்பாவிடம் சொல்லுங்கள் அண்ணே. பனி இப்போதுதான் அதிகம். கிருஷ்ணன்கோவில் வரை எதிரே வரும் வண்டி பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிகிறது. ஆட்டுமந்தை ரோட்டில் நிற்பதும் அப்படித்தான்.

அண்ணிக்கு இருமல் விடவில்லை. மில் பஞ்சுதான் காரணம் என்கிறார் டாக்டர். நீங்கள் கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்வார்கள். ஸ்பீக்கரில் போடாமல் ஒருநாள் தனியாகப் பேசுங்கள்.

இப்படிக்கு,
தங்கை பிரியா


சுந்தரபாண்டியம்,
ஜனவரி, திங்கள் மாலை.

அன்புள்ள அண்ணனுக்கு,

போனில் அப்பா, "அய்யம்மா விழுந்து தவறிட்டா, உக்கிரபாண்டி வண்டியில" என்று மட்டும் சொன்னார். நீங்களும் "அய்யோ பாவம்" என்றீர்கள், பிறகு மெஷின் ஓடும் சத்தம் கேட்டது, வைத்துவிட்டீர்கள். நடந்ததை நடந்தபடி உங்களுக்கு யாரும் சொல்லப்போவதில்லை. நான் எழுதுகிறேன்.

என் கடிதத்துக்கு நீங்கள் "பொங்கலுக்குப் பொறவு பாப்போம்" என்று பதில் போட்டிருந்தீர்கள். அதில் தப்பில்லை. ஜகார்த்தாவில் மழை, வெயில் இரண்டுதான். மார்கழிப் பனி அங்கே இருந்து தெரியாது.

கிருஷ்ணன்கோவிலுக்குக் கொஞ்ச தூரம் இருக்கும்போது நடந்தது. தேங்காய் வண்டி முன்னால், நாங்கள் பின்னால். ஆடுகள் குறுக்கே வந்தன. உக்கிரபாண்டி மாமா பிரேக் அடித்தார். வண்டி கவிழவில்லை, எதிலும் மோதவில்லை, ஒரு ஆடுகூடச் சாகவில்லை. தேங்காய்கள் உருண்டன, அவ்வளவுதான். குவியல் முன்பக்கம் சரிந்து மறுபடி பின்பக்கம் சரிந்தது. சின்னப் பெண்களை நடுவில் உட்காரவைத்துவிட்டு, பெரியவள் என்று ஓரத்தில் உட்கார்ந்திருந்தது அய்யம்மாளக்கா. தேங்காய்களோடு சேர்ந்து அதுவும் கீழே வந்தது. நம் வேனின் வெளிச்சத்தில் முதலில் தேங்காய்கள் ரோட்டில் ஓடுவதைத்தான் பார்த்தேன்.

அப்பா நிறுத்திவிட்டார். அக்கா மேல் வேனை ஏற்றவில்லை, அதை நீங்கள் சந்தேகப்பட வேண்டாம். ஆம்புலன்சுக்கு போன் செய்தோம். வருவதற்குள் நம் வண்டியிலேயே போய்விடலாம் என்று அப்பா சொன்னார். மூச்சு இருந்தது. எங்கே கிடத்துவது என்று யாரும் கேட்கவில்லை. பலகை இல்லாததால் நடுவில் இடம் இருந்தது. அங்கே சாக்கை விரித்துக் கிடத்தினோம். அண்ணி தரையில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டார்கள். இரண்டு பக்கச் சீட்டிலும் பெண்கள் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்கள், மிதித்துவிடக் கூடாது என்று. ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேர்வதற்கு முன்பே உயிர் போய்விட்டது. எப்போது என்று அண்ணிக்குத்தான் தெரியும். அவர்கள் ஆஸ்பத்திரி வாசல் வரை சொல்லவில்லை.

மகளைக் கல்லூரியிலிருந்து கல்லூரிப் பஸ்ஸிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவ்வளவு பெரிய பஸ்ஸில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா ஏன்க்கா ஒங்க வேன்ல வரல? ஒங்க வேன்லதான வரும்?" என்று கேட்டாள். தேங்காய் வண்டியில் போவதை அது மகளிடம் சொல்லவே இல்லை. நான் அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

மாலை வீட்டுக்கு வந்ததும் அப்பா வேனைக் கழுவினார். நான் உதவிக்குப் போனேன், வேண்டாம் என்றார். நான்கைந்து முறை தண்ணீர் ஊற்றினார்.

காரியம் முடிந்த பிறகு மீதி மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். சண்டை போடத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். வாசலில் நின்று, "பலகையத் திரும்பப் போடுங்கய்யா, எங்களுக்கு வேற வழியில்ல" என்றார்கள். தேங்காய் வண்டியில் இனி யாரையும் ஏற்ற மாட்டேன் என்று உக்கிரபாண்டி மாமா சொல்லிவிட்டார். பஸ் பழைய பஸ்தான், கேட் பழைய கேட்தான். அப்பா அவர்களை உட்காரச் சொன்னார். நான் பிரேம்குமார் பேச்சை எடுத்தேன். அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போன வாரமே போய்விட்டார். வேறு டிரைவர் தேடுவதாக அப்பா சொல்லியிருக்கிறார். தேடுவார். அதுவரை என்ன என்று அவர்கள் கேட்டார்கள்.

அண்ணி அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. அந்தச் சேலையைத் துவைக்கவும் இல்லை, எறியவும் இல்லை. மறுநாளே வேலைக்குப் போய்விட்டார்கள். "வரலைன்னா ஆள் மாத்திருவாகல்ல" என்றார்கள். உங்களைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் முன்பு உங்களுக்கு எழுதியது அவர்களுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். நேற்று விளக்கை ஏற்றிவிட்டு, என்னைப் பார்க்காமல், "அவியளுக்கு எழுதும்போது இங்க வந்து ஒருநாள் வேன்ல ஏறிப் பாக்கச் சொல்லு" என்றார்கள். அவர்கள் கேட்டு நான் உங்களுக்கு எழுதும் முதல் சேதி இது.

அண்ணே, அங்கே எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் எப்படி இறங்குவது என்று பார்த்துவிட்டு ஏறுங்கள். ஒப்பந்தம் முடியும்வரை காத்திருக்காமல் ஒருமுறை வந்துபோக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். மாரியம்மன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கை பிரியா

செவ்வாய் மாலை. இதை இன்னும் அனுப்பவில்லை, அதனால் சேர்த்து எழுதுகிறேன். இன்று காலை அப்பா பலகையை மறுபடி பொருத்தினார். அய்யம்மாளக்காவின் இடத்தை யாரும் விட்டுவைக்கவில்லை. மூன்று பேரும் கொஞ்சம் தள்ளித் தள்ளி உட்கார்ந்தார்கள், நிறைந்துவிட்டது. அண்ணி தன் பழைய இடத்துக்கே போனார்கள். அவர்களை முன்னால் தள்ளிவிட்டுப் பின்கதவில் நான் உட்கார்ந்தேன். அப்பா வெளியே நின்று கதவைச் சாத்தினார். கயிற்றை முடிச்சுப் போடாமல் அதன் முனையைக் கதவு இடுக்கு வழியாக உள்ளே விட்டார். கையை விட்டால் கதவு திறந்துவிடும். ராஜபாளையம் வரை அதை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டு போனேன்.